இத்தாலியிலிருந்து நோர்வேக்குப் போன கதிரைகள்

திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஐரோப்பாவுக்குள் சரக்கு அனுப்பும் ஒரு கம்பனிக்காக ஐந்து பேர் வேலை செய்கிறோம். ஒரு பெட்டியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விமானத்தில் அனுப்புவதா, கப்பலில் அனுப்புவதா, லொறியில் அனுப்புவதா என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் வேலை. யன்னலால் பார்த்தால் கோதுமைக் கப்பல் நிற்கும். அதற்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஏழு வருடமாக அங்கே இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருத்தி மூன்று வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தாள். சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருவாள். வகுப்பில் எனக்குப் பின்வாங்கில் இருந்தவள். அதை நான் மறக்கவில்லை என்பதே என் குணத்தைச் சொல்லும்.

ஒருநாள் இத்தாலியில் உள்ள ஒரு தொழிற்சாலை, பல்வைத்தியர்கள் நோயாளியை இருத்தும் கதிரைகள் இருபதை நோர்வேக்கு அனுப்பக் கேட்டது. அந்த ஒப்பீட்டை நான்தான் செய்தேன். விமானத்தில் இரண்டே நாள். ஆனால் விமானத்தில் நிறையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் சேர்த்துக் கட்டணம் போடுவார்கள். கதிரைப் பெட்டிகளோ குளிர்சாதனப் பெட்டி அளவு. லொறி நடுத்தர விலை. கப்பல் ஆக மலிவு, இரண்டு கிழமைக்கு மேல் எடுக்கும். அவசரம் இல்லை என்று எழுதியிருந்தபடியால் கப்பல்தான் நல்லது என்று எழுதி அனுப்பினேன். தொழிற்சாலைக்காரர் பிடிகொடுக்காமல் இழுத்தடித்தார்.

நான் இரண்டு நாள் லீவில் நின்றபோது அவள் அந்த மனிதருக்கு ரெலிபோன் எடுத்திருக்கிறாள். "கதிரையில என்ன உடையும்?" என்று கேட்டிருக்கிறாள். கதிரையோடு வரும் லைற்றைத் தாங்கும் கை உடையும், போனமுறை கப்பலில் ஏற்றி மூன்று உடைந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். கப்பலில் போனால் பெட்டியை ஆறுதரம் தூக்கி இறக்குவார்கள், லொறியில் இரண்டே தரம் என்று இவள் எண்ணிச் சொல்ல, மனிதர் அன்றைக்கே லொறிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

திரும்பி வந்த அன்று, நோர்வேயில் இருக்கும் எங்கள் மேலதிகாரி கணினித் திரையில் தோன்றி எல்லாருக்கும் முன்னால் அவளைப் புகழ்ந்தார். வருகிற வருடம் எங்களில் ஒருவரை இரண்டு கிழமை தங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிடப்போவதாகவும் சொன்னார். பெயர் சொல்லவில்லை. அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று எனக்குத் தெரியும். நான் கைதட்டினேன். கை நோகும்வரைக்கும் தட்டினேன்.

லொறிக்கு நாள் குறித்த தாளை அவள் என் மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"ஒருக்காப் பாரும். ரோட்டு விசயத்தில உமக்குத்தான் கூடத் தெரியும்."

திங்கள் புறப்பட்டு வெள்ளி காலை போய்ச் சேரும் என்று எழுதியிருந்தாள். கதிரைகளை அங்கே பொருத்திப் பூட்டும் ஆட்கள் வெள்ளிக்கிழமை இத்தாலியிலிருந்து விமானத்தில் வந்து நிற்பார்கள். ஆனால் அந்த வியாழக்கிழமை, வழியில் உள்ள ஜேர்மனியில் பொது விடுமுறை. அன்றைக்கு அங்கே பெரிய லொறி இரவு பத்து மணிவரை ஓட ஏலாது. பார்த்தவுடனேயே எனக்குப் பிழை தெரிந்தது. தாளை இன்னொருதரம் பார்ப்பதுபோல வைத்திருந்தேன்.

"எல்லாம் சரி," என்றேன்.

லொறி ஜேர்மனியில் ஒரு தரிப்பிடத்தில் வியாழன் முழுக்க நின்றது. சனிக்கிழமை போய்ச் சேர்ந்தபோது பொருளை இறக்க ஆளில்லை. திங்கட்கிழமைதான் இறக்கினார்கள். பூட்ட வந்தவர்கள் மூன்று நாள் சும்மா இருந்தார்கள். மேலதிகாரி திரையில் வந்து, இதை யார் சரிபார்த்தது என்று கேட்டார். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான்தான் செய்தது. பிழை என்னுடையது," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவள் விழுவாள் என்று காத்திருந்தவள் நான். விழுந்த இடத்திலும் அவள் என்னைவிட உயரமாக நின்றாள். இப்போது அதற்கும் பொறாமைப்பட்டேன். ஒரு கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம் அவளை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் இறக்கினேன். அங்கேயே சொன்னேன்.

"அண்டைக்கு உம்மட தாளைப் பார்த்த உடனேயே எனக்கு அந்த லீவு தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சரியெண்டனான்."

"ஏன்?"

"எரிச்சல்."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சாம்பல்தீவால் போகும் நிலாவெளி பஸ் வந்தது. அவள் ஏறவில்லை.

"இதை நீர் சொல்லாமலே விட்டிருக்கலாம்," என்றாள். "என்ர பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். அது லேசா இருந்தது."

"நான் மேலிடத்துக்கு எழுதுறன்."

"வேண்டாம். இஞ்ச இருக்கிறவை எல்லாருமே இப்பிடித்தான் எண்டு அங்க நினைப்பினம்."

அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனாள். அதன்பிறகு எந்தத் தாளையும் என் மேசைக்குக் கொண்டுவரவில்லை. கதைப்பாள். வேலைக்கு வேண்டிய கதை மட்டும்.

அடுத்த வருடம் சித்திரை கழிந்து நோர்வேக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். அலுவலகக் குழுவுக்குப் படங்கள் அனுப்பினாள். எல்லையில் வரிசையாக நிற்கும் லொறிகள், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அவள். அன்புவழிபுரத்தில் என் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு அந்தப் படத்தை எத்தனை தரம் பெரிதாக்கிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. செய்த வேலைக்கு வெட்கப்பட்ட பிறகு பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை.

திரும்பி வந்தவள் எல்லாருக்கும் சொக்கிலேற் கொண்டுவந்தாள். என் மேசையிலும் ஒரு பெட்டி வைத்தாள். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே அளவு. "தாங்ஸ்" என்றேன். வீட்டுக்குக் கொண்டுபோய் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். சின்னவள் ஒரு துண்டை என் வாய்க்குள் வைக்க வந்தாள். பல்லு நோகுது என்று பொய் சொன்னேன்.