வேலுத்தாய் காரில் சொன்ன மைனா கதை

வெள்ளைத்துரையின் அம்பாசிடர் போடியை விட்டுக் கிளம்புகிறதென்றால், பின்சீட்டில் முதலில் ஏற்றப்படும் சாமான் அவருடைய தங்கை வேலுத்தாய்தான். அப்புறம்தான் தண்ணீர்க் கூஜா, புளியோதரைத் தூக்கு, மூன்று பிள்ளைகள். மதினி அன்னக்கொடி பட்டுச்சேலை கசங்காமல் முன்சீட்டில் வருவாள். போடிமெட்டு வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுக்காமல், அடித்துக்கொள்ளாமல் கொண்டு சேர்ப்பது வேலுத்தாயின் பாடு.

வாயில் ஏலக்காயைப் போட்டுவிடுவாள். எதிரே வருவது பஸ்சா ஜீப்பா என்று ஹாரன் சத்தத்தை வைத்துச் சொல்லச் சொல்வாள். அதுவும் அலுத்தால் கதை. போய் இறங்குகிற வீட்டில் மூத்தவள் சந்திரவல்லி அந்தக் கதையை அத்தையின் குரலிலேயே ஒப்பிப்பாள். எல்லோரும் கன்னத்தைக் கிள்ளுவார்கள், வெள்ளைத்துரை மீசையைத் தடவிக்கொள்வார். கதை கட்டியவளுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்க எவருக்கும் தோன்றாது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது எண்பத்திரண்டாம் வருஷம் வைகாசியில் தெரிய வந்தது. சந்தையில் வைத்துக் கல்யாணத் தரகு முனியாயி வாய்தவறி உளறிவிட்டாள். பல வருஷத்துக்கு முன்னால் வேலுத்தாயைப் பார்த்துவிட்டுப் போன சின்னமனூர்க்காரர்கள், பூ வைக்க நாள் குறித்த பிறகு பின்வாங்கினார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று அண்ணன் சொன்னதை அவள் நம்பினாள். ஆனால் பெண்ணுக்குக் காக்காய் வலிப்பு என்று அவர்களுக்குச் சொல்லியனுப்பியதே அந்த அண்ணன்தான். பிள்ளை தூக்க வீட்டில் ஆள் வேண்டுமே!

வேலுத்தாய் அழவில்லை. வீட்டுக்குள் சண்டை போட்டால் இவளுக்குக் கிறுக்கு என்று கதையை முடித்துவிடுவார்கள். அந்தச் சின்னமனூர்க்காரர்கள் முன்னாலேயே அண்ணன் தலை குனிய வேண்டும். ஆவணியில் கட்டப்பனையில் ஒரு கல்யாணம் வந்தது. அவர்களும் வருகிற கல்யாணம்.

கார் அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலையேறியதும் பின்சீட்டில் அடிதடி தொடங்கியது.

"ஏத்தா வேலு, என்ன வேடிக்கை பாக்குறே? ஒரு கதையச் சொல்லி அமுக்கு" என்றார் வெள்ளைத்துரை.

"சொல்றேன்ணே. புதுக்கதை."

ஒரு அண்ணன் மைனா, ஒரு தங்கச்சி மைனா. அண்ணன் கூட்டில் மூன்று குஞ்சுகள். தங்கச்சியைக் கட்டிக்கொள்ளச் சின்னமனூர்த் தோப்பிலிருந்து ஒரு மாப்பிள்ளை மைனா வந்தது. இந்த இடத்தில் முன்சீட்டில் மதினியின் கழுத்து விறைத்தது.

"அண்ணன் மைனா என்ன செஞ்சுச்சு தெரியுமா? தங்கச்சிக்கு வலிப்புன்னு பொய் சொல்லி விட்டுருச்சு."

"ஏன் அத்தே?"

"குஞ்சுகளுக்குக் கதை சொல்ல ஆளு வேணுமில்ல!"

வெள்ளைத்துரையால் திரும்பி முறைக்கவும் முடியவில்லை, காரை நிறுத்தவும் முடியவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், எதிரே லோடு ஜீப்பு. வேலுத்தாய் அவசரமே படாமல், வளைவுக்கு வளைவு நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மெட்டு உச்சியில் காரை ஓரங்கட்டிப் பின்கதவைத் திறந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்க வந்து இந்தக் கதையப் பத்தி எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, தோல உரிச்சுருவேன்" என்று பிள்ளைகளை மிரட்டினார்.

கல்யாண வீட்டில், அன்று பெண் பார்த்துப் போன சின்னமனூர் மாப்பிள்ளையின் தாயாரே வெற்றிலை மடித்தபடி கேட்டாள்: "ஆத்தா சந்திரவல்லி, இந்தத் தடவ அத்தை என்ன கதை சொன்னா?"

"சொல்லக் கூடாதாம். சொன்னா அப்பா தோல உரிச்சுருவாராம்."

கூட்டம் சிரித்தது. அப்படி என்ன கதை என்று ஆளாளுக்குத் துருவினார்கள். நடுப்பயல் ஜக்கையனுக்கு வாய் நிற்கவில்லை.

"தங்கச்சி மைனாவுக்கு வலிப்பே கெடையாது! அண்ணன் மைனாதான் பொய் சொல்லுச்சு! சின்னமனூர் மாப்ளை மைனா திரும்பிப் போயிருச்சு!"

கிழவியின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது. கடைக்குட்டியை இடுப்பில் தூங்கவைத்துக்கொண்டு நின்ற வேலுத்தாயைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு வெள்ளைத்துரையைப் பார்த்தாள்.

"அடப்பாவி" என்றாள். "கூடப் பொறந்தவளுக்கா இதைச் செஞ்சே?"

வெள்ளைத்துரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வேலுத்தாய் நிதானமாக நடந்துபோய், தூங்குகிற பிள்ளையை அவர் மடியில் கிடத்தினாள்.

"பிடிங்கண்ணே. திரும்பிப் போறப்ப நீங்களே கதை சொல்லிக்கிட்டுப் போங்க. நான் பஸ்சுல வந்துக்கிறேன்."

பிள்ளை விழித்துக்கொண்டு அத்தே அத்தே என்று அலறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.