கடைசிச் சுற்றின் மணி

நான் சைக்கிள் ஓட்டத் தொடங்கியது வீராப்பில்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கணவர் வீட்டை விட்டுப் போனபோது கராஜில் அவருடைய ரேஸ் சைக்கிள் நின்றது. டொக்டர் கொலஸ்ட்ரோல் என்று சொன்ன கிழமை ஓடிப்போய் வாங்கியது. இரண்டு தரம் ஓடினார், மூன்றாம் தரம் முதுகு பிடித்துக்கொண்டது. கோப்பி மெஷினைக்கூட மறக்காமல் தூக்கிக்கொண்டு போன மனிதர் சைக்கிளை விட்டுவிட்டார். வந்து எடுக்கச் சொல்லி மெசேஜ் போட்டேன். "நீயே வைச்சிரு, இல்லாட்டி எறி" என்று பதில் வந்தது. எறிவதா? இருக்கையை என் உயரத்துக்குப் பதித்துவிட்டு நானே ஏறினேன். அப்போது எனக்கு நாற்பத்து நாலு வயது.

மகள் அதற்கு முதல் வருடமே படிக்கவென்று பிளேன் ஏறி ஹலிஃபக்ஸ் போய்விட்டாள். படிப்பு முடிய அங்கேயே ஒரு மருந்தகத்தில் வேலையும் எடுத்துவிட்டாள். நகரத்தின் ஓரத்தில், மல்வேர்னில், மூன்று அறை டவுன்ஹவுஸில் நான் ஒருத்தி. பல் வைத்தியர் ஒருவரிடம் முன்மேசையில் வேலை செய்கிறேன். அங்கே நாள் முழுக்கக் கதைதான். "இருங்கோ அங்கிள், டொக்டர் இப்ப கூப்பிடுவார்", "அன்ரி, பல்லுப் பிடுங்கினா இண்டைக்குச் சூடா ஒண்டும் குடிக்கப்படாது." வெள்ளி பின்னேரம் ஐந்தரைக்கு வாயை மூடினால் திங்கள் காலைதான் திரும்பத் திறக்கும். இடையில் இரண்டு நாளும் என் குரலை நானே கேட்பதில்லை. ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை கடையில் காசாளர் ஏதோ கேட்க, பதில் சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்துச் சத்தமே வரவில்லை. அன்று பயந்துபோனேன்.

அந்த இரண்டு நாளும் சைக்கிளுக்குப் போயின. மல்வேர்னிலிருந்து மேலே ஏறி ஸ்டீல்ஸ் வீதியைக் கடந்தால் நகரம் சட்டென்று முடிந்துவிடும். பிறகு சோளமும் குதிரைப் பண்ணைகளும், யாருமில்லாத நேர் வீதிகளும். காற்று மட்டும் எப்போதும் முகத்துக்கு நேரேதான் அடிக்கும். போகும்போதும் அப்படி, வரும்போதும் அப்படி. அது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

குளிர் தொடங்கினால் பேஸ்மென்ட். பின்சக்கரத்தை ஒரு மெஷினில் பூட்டிவிட்டு, உடுப்புத் தோய்க்கும் மெஷினைப் பார்த்தபடி ஒன்றரை மணித்தியாலம் மிதிப்பேன். ஒரு அங்குலமும் நகராது. வியர்வை மட்டும் ஊத்தும். மேலே மகளின் அறைக்கு ஹீற்றரைக் குறைத்து வைத்திருந்தேன். ஆள் இல்லாத அறைக்கு என்னத்துக்குச் சூடு?

தமிழ்ச் சனத்துக்கு என்னை வீதியில் கண்டால் பொறுக்காது. ஏளனத்தில் அல்ல, இரக்கத்தில். ஒரு தமிழ்ப் பெண், அதுவும் இந்த வயதில், கார் ஓடும் நாட்டில் சைக்கிளில் போகிறாள் என்றால் ஏதோ கஷ்டம் வந்துவிட்டது என்றுதான் கணக்கு. ஒருநாள் மார்க்கம் என்ற ஊருக்கு மேலே ஒரு வான் எனக்கு முன்னால் ஓரங்கட்டியது. கண்ணாடியை இறக்கி ஒருவர் தலையை நீட்டினார்.

"தங்கச்சி, கார் பழுதோ? ஏறுங்கோ, சைக்கிளைப் பின்னாலை போடலாம்."

"இல்லை அண்ணை, நான் விருப்பத்திலைதான் ஓடுறன்."

"விருப்பத்திலையோ?" என்றுவிட்டு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா மடியில் இருந்த பெட்டியைத் திறந்து, பேப்பரில் சுற்றிய வடை நாலை என் பக்கம் நீட்டினார். ஏதோ பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்குப் போய் வருகிறார்கள் போல.

"ஐயோ வேண்டாம் அக்கா, இப்பதான் சாப்பிட்டனான்."

பச்சைப் பொய். காலையில் ஒரு வாழைப்பழம்தான் சாப்பிட்டிருந்தேன். அவர் இரண்டாம் தரம் நீட்டுவார், அப்போது வாங்கலாம் என்று நின்றேன். எங்கள் வழக்கம் அதுதானே, முதல்தரம் மறுப்பது, இரண்டாம்தரம் வாங்குவது. ஆனால் பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான், வான் போய்விட்டது. வீடு வந்து சேருமட்டும் வடை வாசம் மூக்கிலேயே நின்றது. என்னை நானே ஏசிக்கொண்டு வந்தேன்.

இரண்டாம் கோடையில்தான் போட்டிக்குப் போனேன். ஸ்டவ்வில் என்ற ஊர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே, ஞாயிறு காலைகளில், பெண்களுக்கான ஆகக் கீழ்ப்பிரிவுப் போட்டி. பதினைந்து பதினாறு பேர், எட்டுக் கிலோமீற்றர் சுற்று, ஐந்து தரம். கடைசிச் சுற்றுத் தொடங்கும் இடத்தில் ஒருவர் நின்று கைமணி அடிப்பார். ஆனால் மிகவும் பின்தங்கியவர்களை அந்த இடத்தில் கொடி காட்டி நிறுத்திவிடுவார்கள், அடுத்த போட்டிக்கு வீதி வேண்டுமல்லவா. நிறுத்தப்பட்டவர்களுக்கு மணி இல்லை.

முதல் போட்டியில் தொடங்கியவுடனேயே நான் முன்னுக்குப் போனேன். மூன்று சுற்று முன்னுக்கே நின்றேன். பின்னால் பதினைந்து பேரும் ஒரு சத்தமுமில்லாமல் வருகிறார்கள். அட, என்னை ஒருத்தியும் முந்தமுடியவில்லையே என்று உள்ளுக்குள் சந்தோஷம், ஒரே புளுகம். பேஸ்மென்டில் ஊத்திய வியர்வை வீண்போகவில்லை என்று நினைத்தேன். நாலாம் சுற்றில் ஒரு சின்ன ஏற்றம் வந்தது. எல்லோரும் ஒரேயடியாக என்னைக் கடந்து போனார்கள். எனக்குக் கால் இரண்டும் கல்லாகிவிட்டது. கொடிக்காரர் மரியாதையாகச் சிரித்துக்கொண்டே என்னை நிறுத்தினார். வயல் ஓரத்தில் நின்று, மற்றவர்களுக்கு அடித்த மணியைத் தூரத்தில் கேட்டேன்.

அந்தக் கோடையில் நாலு போட்டி. நாலிலும் அதே கதை.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. முன்னால் போகிறவர் காற்றை வெட்டுவார், பின்னால் ஒட்டிப் போகிறவருக்குப் பாரம் குறைவு. ஒருவர் கொஞ்ச நேரம் முன்னுக்கு நின்று, முழங்கையை ஆட்டிக் காட்டிவிட்டு விலகிப் பின்னுக்குப் போவார், அடுத்தவர் வருவார். இதெல்லாம் வீடியோவில் பார்த்ததுதான். ஆனால் இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. சீ, ஓசியில் போவதா? வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். இருபது வருடக் கலியாணத்தில் நான் அவரிடம் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் போட்டுத்தா என்று கேட்டதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போகும்போது அவர் சொன்ன ஒரேயொரு குறையும் அதுதான்: "உனக்கு ஆரும் தேவையில்லை." எனக்கு அன்று வந்த கோபத்தில் கதவை அடித்துச் சாத்தினேன்.

மகள் ஒருமுறை ஃபோனில் கேட்டாள். "அம்மா, நான் ஒரு ரேஸுக்கு வந்து பாக்கவா? லீவு எடுக்கலாம்."

"என்னத்துக்குப் பிள்ளை? பிளேன் ஏறி வந்து பாக்க இதென்ன கலியாணவீடே? ஒண்டும் வேண்டாம்."

"ஓகே அம்மா" என்றாள். அவளும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் எனக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. வெல்ல வேண்டும் என்றெல்லாம் இல்லை, எனக்கு விசரா என்ன. அந்த மணி அடிக்கும்போது ஆட்களோடு ஆட்களாக நானும் அதைக் கடக்கவேண்டும். ஒரேயொரு தரம் போதும். தனியாக ஓடுவதற்கு எனக்கு வேறு எத்தனையோ வீதி இருக்கிறது.

அந்த வருடத்தின் முதல் போட்டியிலும் பழக்கதோஷத்தில் முன்னுக்குப் போய், கொடியில் மறிபட்டு நின்றேன். போட்டி முடிந்து வந்த ஒருத்தி என்னருகே சைக்கிளை நிறுத்தினாள். வீடு வீடாகத் தபால் போடும் வேலை செய்கிறவள், முப்பது வயதிருக்கும். முகம் முழுக்கப் புழுதி.

"உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும்" என்றாள் ஆங்கிலத்தில். "எங்கள்மேல் உனக்கு என்ன கோபம்?"

"கோபமா? உங்களுக்காகத்தானே காற்றை எல்லாம் நான் வாங்கினேன்!"

"நாங்கள் கேட்கவில்லையே. மூன்று தரம் நான் உன் பக்கத்தில் வந்து முழங்கையை ஆட்டினேன், பின்னுக்குப் போ, நான் பார்க்கிறேன் என்று. நீ திரும்பியும் பார்க்கவில்லை. எங்களை நம்பாத ஒருத்தி முன்னுக்குப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் உதவி என்று நினைத்துச் செய்தது அவர்களுக்குத் திமிராகத் தெரிந்திருக்கிறது. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வழி முழுக்க அவளோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன், ஒரு சண்டையிலும் நான் வெல்லவில்லை.

பிறகு இரண்டு போட்டிகளில் பின்னுக்குப் போய் நின்று பார்த்தேன். உடம்பு கூசியது. முன்னால் போகிறவளின் சக்கரத்துக்கும் என் சக்கரத்துக்கும் ஒரு முழ இடைவெளி. அவள் பிரேக் பிடித்தால் நான் நிலத்தில். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவரை நம்புகிற வேலை அது. பயத்தில் இடைவெளி விட்டேன், காற்று நடுவில் புகுந்தது, திரும்பவும் தனித்துவிட்டேன். திரும்பவும் கொடி.

செப்டெம்பரில் வந்தது அந்த வருடத்தின் கடைசிப் போட்டி. சோளம் காய்ந்து பழுப்பாகிவிட்டது, மேற்கிலிருந்து நல்ல காற்று. தபால்காரி தொடங்கும் இடத்தில் என்னைக் கண்டு தலையை ஆட்டினாள். "என் பின்னால் வா" என்றாள், அவ்வளவுதான். இப்பதான் சாப்பிட்டனான் என்று சொல்வதுபோல ஒரு பதில் என் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிக்கொண்டு, "சரி" என்றேன்.

மூன்று சுற்றும் அவளுடைய முதுகைத்தான் பார்த்தேன். இடது தோளில் உப்புப் பூத்த ஒரு கறை, இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. என் முறை வந்தபோது முன்னுக்குப் போனேன், முப்பது வரை எண்ணினேன், முழங்கையை ஆட்டினேன். பின்னாலிருந்து ஒருத்தி வந்து என் இடத்தை எடுத்தாள். கடந்து போகும்போது "தாங்க்ஸ்" என்றாள். ஒரு ஒற்றைச் சொல்லுக்கு எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்புவீர்களா? நாலாம் சுற்றில் அந்த ஏற்றம். மூச்சு விசில் அடித்தது. பின்னுக்குப் போகத் தொடங்கினேன். எவளோ ஒருத்தி என் இடுப்பில் கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். யார் என்று திரும்பிப் பார்க்கக்கூட எனக்குச் சக்தி இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

மணி அடித்தது. கொடிக்காரரின் கொடி கீழேயே இருந்தது. பதினொரு பேர் ஒன்றாகப் போனோம், அதில் நானும். வீதி ஓரத்தில் நின்ற புருஷன்மார், பிள்ளைகள், தாய்மார் எல்லாம் பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கத்தினார்கள். பத்துப் பெயர் கேட்டது. என்னுடையதைக் கூப்பிட அங்கே ஒருவரும் இல்லை. நானல்லவா வரவேண்டாம் என்று சொன்னேன்.

பதினோராவதாக வந்தேன். தபால்காரி என் முதுகில் தட்டிவிட்டுத் தன்னுடைய ஆளிடம் போனாள். எல்லோரும் அவரவர் காருக்குப் போக, நானும் என்னுடைய காருக்குள் ஏறி, ஹெல்மெற்றைக்கூடக் கழற்றாமல் மகளுக்கு ஃபோன் அடித்தேன். அவளுக்கு ஞாயிறும் வேலை.

"அம்மா, வேர்க்ல நிக்கிறன். எல்லாம் ஓகேதானே?"

"ஓம் ஓம், எல்லாம் ஓகே. சும்மாதான் எடுத்தனான். நீ வேலையைப் பார்."

"ஓகே, பாய் அம்மா."

ஃபோனை மடியில் வைத்தேன். முன்கண்ணாடிக்கு அங்கால் சைக்கிள்களைக் கார்களில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூதேவி, என்றேன் என்னைப் பார்த்து. எல்லாம் ஓகேயா என்று முழங்கையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வந்த பிள்ளையைத் திரும்பியும் பார்க்காமல் இப்போதுதான் மறுபடியும் முன்னுக்குப் போயிருக்கிறாய். திரும்பவும் நம்பரை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அவளுடைய குரலில் பயம் இருந்தது, நான் இரண்டாம் தரம் எடுக்கிற ஆள் இல்லை.

"அம்மா, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லைப் பிள்ளை. ரேஸை முடிச்சிட்டன். கடைசி மணி எனக்கும் அடிச்சது."

"என்ன மணி?"

அவளுக்கு நான் மணியைப் பற்றிச் சொன்னதே இல்லை. ஏழு தரம் கொடியில் மறிபட்டு நின்றதையும் சொன்னதில்லை. ஒன்றும் தெரியாமல் அந்தப் பிள்ளை அங்கே மருந்து எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அது பெரிய கதை. உனக்கு எப்ப பிரேக்? அதுவரைக்கும் நான் இதிலேயே காருக்குள்ளை இருக்கிறன். எனக்கு உன்னோடை கதைக்கோணும் போல கிடக்கு. அடுத்த முறை நீ வரோணும், வந்து நிண்டு என்ரை பேரைச் சொல்லிக் கத்தோணும்."

யாரிடமோ ஒரு நிமிஷம் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், பிறகு ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மா, அழுறீங்களோ?"

"ஓம்" என்றேன்.