கார்புரேட்டர் திரும்ப ஏறாது

என் அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லி அண்ணன் மகன் கேட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் பேச வேண்டியதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அண்ணன் மணப்பாறையில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட, மீசை முளைக்கும் முன்பே திருச்சிக்கு வந்து ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். பிறகு சொந்தமாக உதிரிபாகக் கடை வைத்தார். எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான். நான் தனியாகத் திரும்பி வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் திருச்சி புத்தூரில் தன் வீட்டில் ஓர் அறையைத் திறந்துவிட்டவரும் அவர்தான். அண்ணியும் முகம் சுளித்ததில்லை.

தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஒன்றே. கூரை மடக்குகிற பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க அதில் இரண்டு கார்புரேட்டர். ஞாயிறு காலை ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பார்.

"சத்தம் போடாத. ரெண்டும் ஒரே குரல்ல பேசணும்" என்பார். அப்போது காபிகூடக் கேட்கமாட்டார்.

அண்ணி காலமான பின் சனிக்கிழமைதோறும் என்னை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போவார். அப்புறம் இடது முழங்கால் மடங்காமல் போனது. கிளட்ச் மிதிக்க முடியவில்லை.

"டிரைவர் போட்டுக்கங்கப்பா" என்றான் மகன், போனில்.

"டிரைவருக்கு ஒரு சீட்டு, எனக்கு ஒரு சீட்டு. உங்க அத்தை என்ன பானட் மேலயா உக்காரும்?"

அப்படித்தான் தலை நரைத்த பிறகு நான் லைசென்ஸ் எடுத்தேன். தெருவே சிரித்தது. முதல் சனிக்கிழமையே, கிளம்பும்போது இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ள மறந்துவிட்டேன். பெட்ரோல் அதிகமாகிப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர் தலையை நீட்டி, "பாட்டிம்மா, நாங்களும் பெருமாளப் பாக்கணும்ல" என்றார்.

"இனிமே தொடமாட்டேண்ணே" என்று அழுதேன். அண்ணன் அந்த மாதமே இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிவிட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் போட்டுவிட்டார். சோக் கிடையாது. சாவியைத் திருப்பினால் போதும்.

பழைய கார் வைத்திருக்கும் அவருடைய நண்பர்கள் துக்கம் கேட்பவர்கள்போல் வந்து உட்கார்ந்தார்கள்.

"தேருக்கு மோட்டார் வெச்ச மாதிரி பண்ணிட்டீங்களே."

"தேரு நிலைக்கு வந்து சேரணும்ல" என்றார் அண்ணன்.

அடுத்த ஞாயிறு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். என்னண்ணே என்றேன். "கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. நீ ஏதாவது பேசு" என்றார்.

படுக்கையில் விழும்வரை ஒரு சனிக்கிழமையும் விடாமல் நான்தான் ஓட்டினேன்.

வயதாகிப் புத்தி தடுமாறி நல்ல காரைக் கெடுத்துவிட்டார் என்று உறவில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அவர் புத்தி கடைசிவரை தெளிவாக இருந்தது. தனக்குப் பிடித்ததைக் கழற்றி வைத்துவிட்டு எனக்கு முடிந்ததைப் பொருத்தினார். பெட்டியில் கிடக்கும் கார்புரேட்டரைத் திரும்ப ஏற்றினால்தான் நல்ல விலைக்குப் போகும் என்கிறான் அண்ணன் மகன். வண்டியை அண்ணன் என் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் போனார். விற்க மாட்டேன். எதையும் மாற்றவும் மாட்டேன்.

கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், காரைக் கவனித்துக்கொள்ளும் மெக்கானிக் தம்பிக்கும் என் கும்பிடு. பாலத்தில் கேலி செய்த கண்டக்டருக்கும்தான்.

திதியன்று எல்லோரும் அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்துவிடுங்கள். நான் அந்தக் காரில்தான் வருவேன். பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கும். அண்ணன் மகன் வேண்டுமானால் ஏறிக்கொள்ளட்டும். வழியில் கார்புரேட்டர் பேச்சு எடுத்தால் பாலத்திலேயே இறக்கிவிடுவேன்.