எந்த ஒரகடம்? எந்த ஆப்பிரிக்கா?

2013 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை ஒரகடம் போனேன். ஊர் பார்க்க அல்ல. கார் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி ஜெபராஜை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பிரகஸ்பதி மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் குன்றத்தூர் அறையில் டிவி மேல் விட்டுவிட்டான். அது இல்லாமல் விமானம் ஏற முடியாது. மூன்று மணிக்குக் கம்பெனி வாசலில் வேன்.

வாசலிலிருந்து போன் செய்து "ஒரகடம் வந்துருங்கண்ணே" என்றான், வைத்துவிட்டான். உள்ளே போனுக்கு அனுமதியில்லை.

குன்றத்தூரில் பன்னிரண்டரைக்கு பஸ். ஸ்ரீபெரும்புதூர் வரை பதினைந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், சுமார் 13 கிலோமீட்டர். நிமிடத்துக்கொரு தரம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.

பயத்தை மறக்க, முந்தின நாள் பிரவுசிங் சென்டரில் படித்ததை அசைபோட்டேன். இன்றைய துனிசியாப் பக்கம் அஃப்ரி என்ற மக்கள் இருந்தார்களாம். அவர்களை வைத்து ரோமானியர் அந்தச் சின்னப் பகுதியை ஆப்பிரிக்கா என்றார்கள். போகப்போக அந்தப் பெயர் கண்டம் முழுவதற்கும் பரவிவிட்டது. அஃப்ரிக்கு என்ன அர்த்தம் என்பது உறுதியில்லை. புழுதி என்கிறார்கள் சிலர், குகை என்கிறார்கள் வேறு சிலர். என் கண்ணில் விழுந்துகொண்டிருந்த லாரிப் புழுதிக்கு முதலாவதுதான் பொருத்தமாகப் பட்டது.

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கும்போது இரண்டேகால். அங்கே நின்ற வேறொரு ஆட்டோக்காரரிடம் கம்பெனி பெயரைச் சொன்னேன்.

"அது வல்லம் கிராமத்தாண்ட கீது சார். நீ வந்த ரோட்லயேதான், தாண்டி வந்துட்ட."

"அட்ரஸ்ல ஒரகடம்னு போட்டிருக்கே!"

"ஊரு இத்தினூண்டு சார். சுத்திக்கீற கம்பெனி எல்லாத்துக்கும் ஒரகடம்னே பேர் வெச்சிகினான், இன்னா பண்றது?"

திரும்பக் கொண்டுபோய் விடச் சொன்னேன். நூற்றைம்பது கேட்டார். பேரம் பேசும் நிலையிலா இருந்தேன்?

வாசலை அடைந்தபோது வேன் உறுமிக்கொண்டிருந்தது. ஜெபராஜ் ஓடி வந்து அட்டையைப் பிடுங்கினான். "உயிரே போயிட்டுண்ணே."

ஜன்னல் வழியே கேட்டேன்: "ஏலே, அங்க எந்த ஊரு?"

"நைரோபி வரைக்கும் டிக்கெட்டுண்ணே. பொறவு எங்கன்னு அங்க போய்த்தான் சொல்லுவாவளாம்."

வேன் போய்விட்டது.

இந்தப் பக்கம் வருபவர்கள் 'ஒரகடம்' என்பதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். கேட் எந்தக் கிராமத்தில், எந்த ஸ்டாப்பில் என்று கேளுங்கள். ஆப்பிரிக்கா போகிறவர்கள் பத்து நாளுக்கு முன்பே ஊசி போட்டுவிடுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் சாத்தான்குளத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள். "புள்ள எந்த ஊருக்குய்யா போறான்?"

பதிமூன்று கிலோமீட்டருக்குள்ளேயே தொலைந்து போனவன் நான். "ஆப்பிரிக்காம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.