ஷோரூமில் நின்ற இரண்டு நீளக் கார்கள்

1. ஏரியா மேனேஜர் வந்தார்

ஏரியா மேனேஜர் சென்னையிலிருந்து வந்த அன்று எங்கள் ஷோரூமில் இரண்டு பெரிய கார்கள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று கருநீலம். இரண்டும் வந்து ஏழு மாதமாகியிருந்தது. அதே ஏழு மாதத்தில் கம்பெனியின் சின்ன காருக்கு ஜனங்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. திருநெல்வேலி பைபாஸ் ரோட்டில் ஷோரூம். பெரிய காரை விற்பதற்கென்றே போடப்பட்ட ஆள் நான். விசிட்டிங் கார்டில் சீனியர் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ்; நிஜத்தில் வண்டி துடைப்பவன். துடைத்துத் துடைத்து, வீட்டுக் கண்ணாடியைவிட அந்த வெள்ளைக் காரின் கதவில் என் முகம் நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. காலையில் அதில் பார்த்துத்தான் தலை சீவுவேன்.

மேனேஜர் என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டார். அந்த மாடலைத் தொடர்வதா வேண்டாமா என்று கம்பெனியே குழம்பிக் கிடப்பதாகச் சொன்னார். எப்படியிருந்தாலும் மூன்று மாதத்துக்குள் இரண்டு வண்டியும் வெளியே போக வேண்டும். போனால் என்னைச் சின்ன கார் பக்கம் மாற்றிக்கொள்வார்கள், போகாவிட்டால் நானும் போக வேண்டியதுதான். இதை மிக மென்மையாகச் சொல்லிக்கொண்டே என் காப்பியையும் சேர்த்து அவரே குடித்துவிட்டார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வீட்டில் மனைவிக்கு ஐந்தாவது மாதம்.

அந்த வாரம் நான் செய்த காரியங்களை வெளியில் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். நான்கு கோயில்களில் நேர்ந்துகொண்டேன், ஒரு சாமியிடம் சொன்னது இன்னொரு சாமிக்குத் தெரியவராது என்ற நம்பிக்கையில். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்கு விண்ணப்பம் வாங்கி, பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் வெள்ளைக் காரின் சேசிஸ் நம்பரை எழுதிவைத்தேன். அதைப் பார்த்து மனைவி விண்ணப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு ஒரு டைரியைக் கையில் கொடுத்தாள். அதில் இந்தப் பக்கத்தில் பெரிய கார் வாங்கக்கூடியவர்கள் என்று எனக்குத் தோன்றிய முப்பத்தாறு பேரை எழுதினேன். ஒருவர் விடாமல் பார்த்துவிடுவது என்று முடிவு.

2. மேலப்பாளையத்து டீ

கம்பெனி கொடுத்த புத்தகத்தில், வாடிக்கையாளரைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள், காலை நீட்டச் சொல்லுங்கள், அந்தச் சொகுசிலேயே வண்டி விற்றுவிடும் என்று போட்டிருந்தது. எழுதியவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. இங்கே கார் வைத்திருக்கும் ஆள் டிரைவர் பக்கத்தில்தான் உட்காருவார். பின் சீட்டு என்பது மனைவி, பிள்ளைகள், காய்கறி மூட்டைக்கு. என் பேச்சைக் கேட்டு ஏறிய அரிசி ஆலைக்காரர் ஒருவர் தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னார். “டிரைவர் முதுகையே பாத்துக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன ஜெயிலுக்கா போறேன்?” என்று இறங்கி முன்னால் வந்துவிட்டார். வந்ததும் அடுத்த குறை. அவருடைய பழைய வண்டியில் கியர் ஸ்டியரிங்கோடு இருக்கும், முன்னால் மூன்று பேர் உட்காரலாம். நம் வண்டியில் கியர் நடுவில். இரண்டு பேர்தான்.

பதினோரு பேர் இப்படியே கைவிரித்தார்கள். பன்னிரண்டாவது ஆள், துபாயிலிருந்து வந்திருந்த மேலப்பாளையம் காஜா பாய். இதைவிடப் பெரிய வண்டியெல்லாம் அங்கே ஓட்டியவர். ஏசியும் பிடித்தது, நீளமும் பிடித்தது. வீட்டுக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்தார். மாடலை நிறுத்தப் போகிறார்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டே, அதெல்லாம் புரளி, இன்னும் பத்து வருஷம் வரும் என்றேன்.

அவர் தன் கிளாஸைக் கீழே வைத்தார். “எங்க மச்சான் மெட்ராசுல கார் கம்பெனிலதான் இருக்கான். நிப்பாட்டுனாலும் நிப்பாட்டிருவாங்கன்னு நேத்தே போன்ல சொல்லிட்டான். நீங்க என்ன சொல்லுதியன்னு பாக்கத்தான் கேட்டேன்” என்றார். குரலில் கோபமே இல்லை. டீயைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நிமிர்ந்து பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

3. இறங்காத அக்கா

சாத்தான்குளத்தில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த அண்ணாச்சி, பட்டியலில் பத்தொன்பதாவது பெயர். வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி முன்னால் ஏறினார். அவருடைய மனைவி, பெயர் செல்வக்கனி, பின்னால் ஏறினார். நாசரேத் வரை போய்த் திரும்பினோம். போகும்போதும் வரும்போதும் நான் அண்ணாச்சியிடமே பேசினேன். என்ஜின், பிக்கப், பவர் விண்டோ என்று வாய் ஓயவில்லை. பின்னால் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டு வாசலில் அண்ணாச்சி இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். “வண்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா தரையோட தரையால்லாவே கெடக்கு. நம்ம ரோட்டுக்கு அடி தட்டும். வேண்டாம்வே” என்றார்.

சரி, இருபதாவது ஆள் யார் என்று டைரியைப் புரட்டிக்கொண்டே பின்கதவைத் திறந்தேன். அந்த அக்கா இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை முழுக்க நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டி மடங்காதாம். வாரம் ஒருமுறை வைத்தியத்துக்குப் பாளையங்கோட்டை போகிறவர். பழைய காரில் முன்சீட்டு காலை இடிக்கும் என்று போக வர ஒருச்சாய்ந்தே உட்கார்ந்து வந்திருக்கிறார்.

“தம்பி, இந்த மாடல நிப்பாட்டப் போறாவளாமே, நெசமா?”

புரளி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மேலப்பாளையத்து டீ அதை உள்ளே தள்ளியது. “எனக்குத் தெரியாதுக்கா. நிப்பாட்டுவாங்கன்னுதான் தோணுது” என்றேன்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கார் விக்க வந்த ஆளாவே நீரு?”

அக்கா சிரிக்கவில்லை. “அப்பறம் முன் கண்ணாடி ஒடஞ்சா நான் எங்க போவேன்?” என்றார். அதுவும் தெரியாது என்றேன். “அப்பம் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. சாமான் அஞ்சு வருஷத்துக்குக் கெடைக்கும்னு ஒங்க மொதலாளி கையெழுத்துப் போட்டுத் தரட்டும். வண்டிய எடுத்துக்கிடுதேன்.”

“ஏளா, முன்னால ரெண்டு பேருதான் இருக்க முடியும்” என்றார் அண்ணாச்சி.

“முன்னால இருக்கது நீங்க. பத்தொம்பது வருசமா பின்னால இருக்கது நான்.”

அண்ணாச்சி குனிந்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

4. ஒரு பெட்டி ஸ்பேர்ஸ்

முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். “சாகப் போற மாடலுக்கு அஞ்சு வருஷம் நான் திவசம் குடுக்கணுமா?” என்றார். வெளியே வந்து, ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனைப் பிடித்தேன். ஐந்து வருஷத்தில் அந்த வண்டியில் என்னென்ன போகும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். முன் கண்ணாடி, ஹெட்லைட், கிளட்ச் செட், பிரேக் பேடு, ஷாக் அப்சார்பர், ரேடியேட்டர், பவர் விண்டோ மோட்டார். இரண்டு வண்டிக்கும் சேர்த்தே எழுதினோம். இரண்டாவது வண்டி விற்கும் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை, ஆனாலும் எழுதினோம்.

அந்தப் பட்டியலோடு எஸ்டிடி பூத்துக்குப் போய் ஏரியா மேனேஜருக்குப் போன் போட்டேன். வண்டி போக வேண்டுமானால் இந்தப் பெட்டி வர வேண்டும் என்றேன். பார்க்கலாம் என்றார். மறுநாளும் கூப்பிட்டேன். ஒன்பது நாள் விடாமல் கூப்பிட்டேன். எட்டாவது நாள், தான் ஊரில் இல்லை என்று அவரே போனில் சொன்னார். பத்தாவது நாள் பெட்டி லாரியில் ஏறிவிட்டது. என் குரலிலிருந்து தப்பிப்பதற்காகவே அனுப்பியிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

பெட்டி வந்து இறங்கியதும் முதலாளி திறந்து பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், கையெழுத்துப் போட்டார். வெள்ளைக் கார் சாத்தான்குளம் போயிற்று. என் தலைமுடி அன்றிலிருந்து கருநீலக் காரில் சீவப்பட்டது.

5. நிறுத்திவிட்டார்கள்

கெடு முடியப் பதினோரு நாள் இருக்கும்போது கம்பெனிக் கடிதம் வந்தது. மாடல் நிறுத்தப்படுகிறது. இரண்டே வரி. நான் அதை ஏழெட்டுத் தடவை படித்தேன், நடுவில் எங்காவது ‘இல்லை’ என்று வருகிறதா என்று.

ஷோரூமில் உட்காரப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் வாயிலாகக் கேள்விப்படும் முன் அக்காவிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அவர் திட்டினால் என்ன சொல்வது, வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள் என்றால் என்ன சொல்வது என்று பேசிக்கொண்டே போனதில், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

சாத்தான்குளத்தில் போய் நின்று, நிறுத்திவிட்டார்கள் அக்கா என்றேன்.

“நேத்தே கேள்விப்பட்டேன்” என்றார். “நீங்க வருவீங்கன்னு நான் சொன்னேன், வர மாட்டீங்கன்னு இவிய சொன்னாவ.” அண்ணாச்சி பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். “கம்பெனி நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும். என் வண்டி ஓடுதுலா. ஒங்க கடையில இன்னொண்ணு நின்னுச்சே, நீலக் கலரு, அது இருக்கா?”

இருக்கிறது என்று தலையை ஆட்டினேன்.

“என் தங்கச்சி விக்கிரமசிங்கபுரத்துல ஆஸ்பத்திரி வச்சிருக்கா. போன மாசம் என் கூடப் பின்னால ஏறுனவ எறங்க மனசில்லாம எறங்குனா. அவளுக்கும் ஒரு கையெழுத்து வாங்கிட்டு நேரா அங்க போங்க.”

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் கருநீலக் காரை நானே விக்கிரமசிங்கபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் டெலிவரி கொடுத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் சின்ன கார் பக்கம் எனக்கு ஒரு மேஜை போட்டார்கள்.

இப்போது விற்பனைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். டெஸ்ட் டிரைவ் முடிந்ததும் முன்னால் இருப்பவருக்கு நன்றி சொல்லுங்கள், பின்னால் இருப்பவரிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் திருப்பிக் கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, பதிலைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வர யாராலும் முடியும். நமக்குச் சம்பளம் மறுபடி போவதற்கு.