கறி வைத்தது ஆரு?

தேங்காயெண்ணெயில் உலுவா பொரிகிற மணம் (எங்கள் பக்கத்தில் வெந்தயத்துக்கு அதுதான் பேர்) காலை பத்து மணிக்கெல்லாம் பாறசாலை ரோட்டு வளைவு வரை வந்து நிற்கும். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்குப் போகிற குமாஸ்தாக்கள் பஸ்ஸில் இருந்தபடியே மூக்கை உறிஞ்சி, "மாதவனுக்க கடையில மீன்கறி கொதிக்குது" என்பார்கள். மாதவன் என் அப்பா. கறி கொதித்தது அவர் கடையில்தான், அதில் பொய் இல்லை. கொதிக்க வைத்தவளின் பேரை ஒருத்தரும் சொன்னதில்லை என்பதுதான், இத்தனை வயசான பிறகும் எனக்கு வயிறு எரிகிற காரியம்.

நாலு பெஞ்சு போட்ட ஓட்டுக்கடை அது. சாப்பிடுகிற இடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு சின்னச் சன்னல், அதற்குப் பேர் "கிளிவாதில்". அது வழியாக மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வெளியே வரும்; கூடவே எண்ணெய் தெறித்த தழும்போடு முழங்கை வரைக்கும் அம்மையின் கையும் வரும், உடனே உள்ளே போய்விடும். முகத்தைப் பார்த்தவர் கிடையாது. அப்பா வாசலோரம் வெள்ளைச் சட்டையும் சந்தனக்குறியுமாக உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டு எழுந்தவர்கள், "அண்ணா, ஒமக்க கைப்புண்ணியம் வேற ஆருக்கும் வராது" என்று சொல்லும்போது, கூச்சமே இல்லாமல் கையைக் கூப்பி, "எல்லாம் தெய்வாதீனம்" என்பார். தெய்வம் உள்ளே புகையில் இருமிக்கொண்டிருக்கும்.

கேட்டுக் கேட்டு அவரே அதை நம்பிவிட்டார் என்பது, நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் தெரிந்தது. அம்பூரியில் அம்மையின் அண்ணன் இறந்துபோனார். அடக்கம் முடிந்த கையோடு, கடையை அடைத்தால் ஆட்கள் வேறு கடை பார்த்துவிடுவார்கள் என்று அப்பா திரும்பிவிட்டார். பரீட்சை இருந்ததால் நானும் கூட வந்தேன். அம்மை மூன்று நாள் அங்கேயே இருந்தாள். மறுநாள் காலை அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு, துவர்த்துத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கல்யாணமாப்பிள்ளை மாதிரி அடுக்களைக்குள் நுழைந்தார். "உலுவா பொன்நிறம் ஆனா எறக்கணும், கறுத்தா கறி போச்சு" என்று அம்மை தினமும் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதை நான்கூடக் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டதில்லை. உலுவா கரிக்கட்டையானது.

முதல் வாய் வைத்த குமாஸ்தா முகம் சுளித்தார். அடுத்த பெஞ்சில் ஒருவர் துப்பியே விட்டார். அப்பா என்ன செய்திருக்கலாம்? "கைப்பிழை, பொறுத்துக்கிடுங்க" என்று ஒரு வார்த்தை. அது அந்த வாயில் வரவில்லை. "மீனு கேடாக்கும். அந்தக் கடப்புறத்துக்காரி ஏமாத்திப்போட்டா" என்றார்.

கடப்புறத்துக்காரி என்று அவர் சொன்னது கடற்கரையிலிருந்து வருகிற பிலோமினாக்காவை. விடியுமுன் கரைக்குப் போய் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்து, வீடு வீடாக விற்று எங்கள் கடைக்கும் தருகிறவள். மீன் கெட்டது என்று ஒரு கடையில் சொன்னால் அப்புறம் எந்த வீட்டிலும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். மூன்றாம் நாள், எல்லாப் பெஞ்சும் நிறைந்திருந்த நேரத்தில் அவள் நேரே உள்ளே வந்து சருவத்தை நடுவில் இறக்கினாள்.

"ஆருக்க மீனு கேடு? செவிளைப் பாருங்க, கண்ணைப் பாருங்க! எனக்க மீனுக்கு ஒண்ணும் இல்ல மொதலாளி. உள்ள இருக்கப்பட்டவ இல்ல, அதாக்கும் கேடு!"

அவள் சுற்றிப் பார்த்தாள். தண்ணீர் டம்ளரோடு நின்ற என்மேல் கண் விழுந்தது.

"மக்கா, நீ பள்ளிக்கூடம் போற புள்ள. நீ சொல்லு. இந்தக் கடையில நெதமும் கறி வைக்கது ஆரு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் "அப்பா" என்றேன்.

பாவி நான். ஒரு சொல்! அதைச் சொன்ன நாக்கை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. பிலோமினாக்கா என்னைத் திட்டவில்லை. சருவத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். "இனி இந்தப் படி ஏறப்பிடாது" என்று அப்பா அவள் முதுகுக்குப் பின்னால் கத்தினார்.

அம்மை வந்ததும், பிலோமினாக்காவின் மீனுக்குப் பதில் அப்பா வாங்கிவைத்திருந்த ஐஸ் பெட்டி மீனைக் கண்டாள், பக்கத்துக் கடையில் விசாரித்தாள், எல்லாம் தெரிந்தது. அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பிலோமினாக்க மீனு வந்தா அடுப்பு பத்தும். இல்லேன்னா, கைப்புண்ணியம் உள்ள ஆளு வைக்கட்டு." கொல்லைப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பதினொரு மணி வரை பொறுத்துப் பார்த்த அப்பா, சட்டையை மாட்டிக்கொண்டு கடப்புறத்துக்குப் பஸ் ஏறினார். மறுநாள் பிலோமினாக்கா வந்தாள், என்னைப் பார்த்து, "பரீட்சை நல்லா எழுதினியா மக்கா?" என்று மட்டும் கேட்டாள். அப்பாவோ கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி, "நல்ல மீனு வந்தாச்சு" என்றார். அதே கரை, அதே சருவம், அதே மீன்! தொலி எவ்வளவு தடித்திருந்தால் ஒரு மனுஷனுக்கு அப்படிச் சொல்ல வரும்?

போன மாதம் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பையன் எங்கள் கடையைக் "கண்டுபிடித்து" விட்டானாம். இத்தனை வருஷம் அதில் உண்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் எல்லாம் குருடர்கள் போலிருக்கிறது. கிளிவாதில் இருந்த இடத்தை அடைத்து டைல் ஒட்டி, அதன்மேல் அப்பாவின் படத்தை மாலையோடு மாட்டியிருக்கிறார்கள். இப்போது கடை நடத்துகிற என் தம்பி படத்தைக் காட்டி, "எல்லாம் அப்பனுக்க கைப்புண்ணியம்" என்கிறான். அவன் பின்னால் அம்மை உள்ளி உரித்த முறத்தோடு வருகிறாள். அந்தப் பையன், "அம்மச்சி, கொஞ்சம் மாறி நில்லுங்க, கேமராவில விழுது" என்கிறான். அவளும் மாறி நிற்கிறாள். அந்த இடத்தில் போனை எறிந்திருப்பேன்.

எறியவில்லை, வீடியோவுக்குக் கீழே அம்மையின் பேரை எழுதினேன். காலையில் பார்த்தால் அழித்திருந்தது. "அப்பனை ஏன் நாணங்கெடுத்துகே?" என்று தம்பி போனில் சத்தம் போட்டான். அன்றே பஸ் ஏறிப் போய் அம்மையிடம் வீடியோவைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "கறிக்க நெறம் கண்டியா? உனக்க தம்பிப் பயலும் உலுவாவைக் கரிச்சிருக்கான்" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்றைக்கு நான் சொன்ன பொய்யை அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

"தெரியும் மக்கா. பிலோமினா வந்த அன்னைக்கே சொல்லிப்போட்டா. புள்ளையை ஒண்ணும் கேக்காதேன்னு சத்தியமும் வாங்கினா."

பிலோமினாக்கா இன்றைக்கு இல்லை. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அப்படியே நிற்கிறது. அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். கறி வைத்தது எங்கள் அம்மை. பேர் சரோஜம். தம்பி இதையும் அழிக்கட்டும், பார்ப்போம்.