இத்தாலி மாப்பிள்ளை

இல்லை என்றால் இல்லைதான். சரித்திர டீச்சர் யாரோடும் ஓடப்போவதில்லை. அதிலும் ஒரு இத்தாலிக்காரனோடு! பேசுகிற வாய்க்கு ஒரு அளவு வேண்டாமா? புருஷன் கண்ணை மூடி எட்டு வருஷம். அன்றிலிருந்து மாமியாரைத் தனியே விட்டுவிட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியிருப்பாளா அவள்? தங்கினாள் என்று எந்த வாயாவது சொல்லட்டும், பார்ப்போம்.

ஒரு மாதிரியான பெண்தான், அதை யார் இல்லை என்றார்கள்? காலையில் பாத்திரம் துலக்கும்போதே பாடம் தொடங்கிவிடும். டம்ளர்களை வரிசையாக நிறுத்தி, "கையால எழுதின காலத்துல ஒரு புத்தகம் முடிய ஒரு வருஷம். அச்சு வந்துச்சு, ஊரெல்லாம் புத்தகம். புரியுதா?" என்பாள். குக்கர் விசில் அடித்தால், "கடைசி பெஞ்ச், வாயை மூடு!" யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு ஒரே கேள்வி: "யார் சொன்னாங்க? அவங்களுக்கு யார் சொன்னாங்க?" பால்காரர் 'நாளைக்கு மழையாம்' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவளிடமிருந்து தப்பிக்கக் கால்மணி நேரம் ஆகும்.

நடந்தது இவ்வளவுதான். புதன்கிழமை, வாய்வழிச் செய்தி எப்படித் திரியும் என்று காட்ட, முன்பெஞ்சுப் பெண்ணின் காதில் ஒரு வரி சொன்னாள்: "மறுமலர்ச்சி இத்தாலியில் பிறந்தது, அச்சு வந்ததும் வீடு வீடாகப் போனது." அது நாற்பது காது தாண்டிக் கடைசி பெஞ்சில் எழுந்து நின்று சொன்னது: "டீச்சருக்கு மறுமணம். மாப்பிள்ளை இத்தாலி. பத்திரிகை அச்சுக்குப் போயாச்சு." வகுப்பே உருண்டு சிரித்தது. எல்லோரையும்விட அவள்தான் அதிகம் சிரித்தாள். இரண்டு வரியையும் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதி, "பார்த்தீங்களா? இதுக்குத்தான் அச்சு வேணும்ங்கிறது!" என்றாள்.

பலகையை மேலிருந்து கீழாகத்தான் அழிப்பாள். மேல்வரி அழிந்தது, மணி அடித்தது, கீழ்வரி நின்றுவிட்டது. சாயங்காலம் அதே அறையில் பெற்றோர் கூட்டம்.

"அவங்க கையெழுத்துங்க! இந்தக் கண்ணால பார்த்தேன்," என்று தையல்காரர் மனைவி சத்தியம் செய்தாள். தெருமுனை திரும்புவதற்குள் மாப்பிள்ளைக்கு ஒரு அச்சகம் முளைத்தது. மறுநாள் அதற்கு மூன்று மாடி. மாமியாரின் மகள் போனில் அழுதாள்: "அண்ணி போயிட்டா நீ தனியா என்னம்மா பண்ணுவே? ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன், பெட்டியைக் கட்டு."

மாமியாருக்குப் போக மனமில்லை. மகள் வீட்டில் சோபாவின் எந்த ஓரத்தில் உட்காரலாம் என்பதற்குக்கூடச் சட்டம் உண்டு. ஆனாலும் மருமகளிடம் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டு, அவள் 'ஆமாம்' என்றுவிட்டால்? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னவோ தைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. செருப்பை மாட்டிய மருமகளிடம் ஒரு ஸ்வெட்டரை நீட்டினாள். மகனுடைய பழைய பச்சை ஸ்வெட்டர். மருமகள் அளவுக்குப் பிடித்துத் தைத்ததில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

"என்ன அத்தை இது?"

"அங்கே பனி கொட்டுமாமே. போட்டுக்க."

"எங்கே?"

"அதான், இத்தாலியில."

"யார் சொன்னாங்க?"

"தையக்காரர் வீட்டம்மா."

"அவங்களுக்கு யார் சொன்னாங்க?"

"நீதான்! போர்டுல எழுதிப் போட்டியாமே!"

அழிக்காமல் விட்ட கீழ்வரி டீச்சருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்புறம் சிரித்த சிரிப்பில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோணல் தையலை விரலால் தடவியதும் சிரிப்பு நின்றது.

"மாப்பிள்ளையும் இல்ல, இத்தாலியும் இல்ல அத்தை. அஞ்சு மணிக்கு வந்துடுவேன். வண்டி வேணாம்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

"நிஜமாவா?" கிழவி மூக்கை உறிஞ்சினாள். "அப்ப அதைக் குடு, பழையபடி பெட்டியில வைக்கிறேன்."

"குடுத்ததைத் திருப்பிக் கேப்பாங்களா?"

வெளியே தார் உருகும் வெயில். டீச்சர் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். தையல்காரர் மனைவி கத்திரிக்கோலும் கையுமாக ஓடிவந்தாள்.

"என்ன டீச்சர், கிளம்பியாச்சா?"

"ஆமா, ஒன்பதாம் வகுப்புக்கு," என்று சொல்லி, நடுத்தெருவில் நின்று, மிச்சமிருந்த கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டாள்.